நூலகத்துக்குள் ஒரு கரம் போட்

நூலகத்தில் விளையாட்டு என்று பேச்செடுத்தாலே எங்கட ஊரில் வரும் பதில், "அது படிக்கிற இடம் தம்பி." கோபிக்க முடியாது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள் அவர்கள். அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் சத்தமாகச் சிரிப்பதே தகாத காரியம்.

ஆனால் சனசமூக நிலையங்களை மறந்துவிட்டல்லவா கதைக்கிறோம்! எங்கள் வாசிகசாலையில் விறாந்தையில் பத்திரிகை மேசை, உள்ளே கரம் போட். காலையில் பத்திரிகைக்கு அடிபாடு, பின்னேரம் போட்டுக்கு. பவுடரைத் தூவி உள்ளங்கையால் ஒரு தேய். சிவப்பை விழுத்தியவர் அடுத்த காயைத் தவறவிட்டால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வரும், கூடவே பெரிய சண்டையும். ஆட்டம் முடியும்வரை வாங்கில் இருக்கிற பெடியள் வேறு வழியில்லாமல் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்கள், பிறகு மற்றப் பக்கங்களை. நான் தொடர்கதை வாசிக்கப் பழகியது அந்த வாங்கில்தான்.

வெளியிலும் இது புதிதல்ல. சான் பிரான்சிஸ்கோவின் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் நூலகத்தில் 1850களிலேயே செஸ் கழகம் இருந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் 2008இல் விளையாட்டுக்கென்றே ஒரு நாளைத் தொடங்கியது. எங்கள் யாழ்ப்பாண நூலகத்துக்கு ஆலோசனை சொன்ன இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இலேயே நூலகம் வளர்கிற உயிர் என்று எழுதிவிட்டார். வளரட்டுமே.

நான் கேட்பது சிறுவர் பகுதிக்குப் பக்கத்தில், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. செஸ்ஸுக்கு உடனே சம்மதம் கிடைக்கும், படிப்பின் சாயல் இருக்கிறதே. அதையும் போட்டியாக்கி, பிரதம விருந்தினருக்கு மாலை போட்டு, சான்றிதழ் கொடுத்துக் கெடுப்போம், அது வேறு கதை. தாயம் வரலாம். 304க்கு அம்மாமார் விடமாட்டார்கள், சீட்டென்றால் காசு என்று பயம். வீடியோ கேமும் வேண்டும், ஆனால் பெரிய டிவியில், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஆடுகிற மாதிரி. தனியே காதில் ஹெட்போனோடு ஃப்ரீ ஃபயர் ஆடத்தான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே.

காய் தொலையும் என்பார்கள். சரி, கரத்தில் மொத்தம் 19 காய். ஸ்ட்ரைக்கரை மட்டும் கவுண்டரில் வைத்து, நூலக அட்டையைக் கொடுத்தால்தான் தருவோம் என்று சொல்லுங்கள். 19ஐயும் எண்ணிப் பார்த்த பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம்.