போர்ட்ஃபோலியோ தேர்வுக்குப் போகிறவர்களுக்கு: மார்க் அச்சில் இருக்கிறது

போட்டோகிராபி டிப்ளமா முடிவு வந்துவிட்டது. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து அடுத்த செட்டில் போகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்றுதான். அதைப் பற்றி இங்கே ஒரு வரியும் இல்லை. எழுத்துத் தாள், பழைய வினாத்தாள்களை ஒழுங்காகப் புரட்டினால் தாண்டிவிடக்கூடியது. மார்க் ஏறுவதும் இறங்குவதும் போர்ட்ஃபோலியோவாக, அதாவது உங்கள் படங்களின் தொகுப்பாக, மேசைமேல் பரப்பும் பன்னிரண்டு அச்சுகளில்தான். நல்ல கண் உள்ளவர்கள்கூடக் கடைசி வாரம்வரை கணினித் திரையிலேயே படத்தைப் பார்த்துவிட்டு, லேபுக்கு ஓடி, இருண்டுபோன அச்சுகளோடு உள்ளே போகிறார்கள். தேர்வாளர் உங்கள் திரையைப் பார்க்கப்போவதில்லை. அவர் தலைக்கு மேல் ஒரு டியூப்லைட், கீழே ஒரு காகிதம், அவ்வளவுதான். இது எனக்கு இன்னும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

அச்சு ஏன் இருண்டு வருகிறது? லேப் மட்டும் காரணமல்ல. மானிட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே வெளிச்சம் தூக்கலாக, 250 - 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் வருகின்றன. அச்சுக்காகத் திருத்துவதற்கு 80 முதல் 120 நிட்ஸ் போதும். திரை தூக்கலாக இருந்தால் படம் பளிச்சென்று தெரியும், கை தானாக எக்ஸ்போஷரைக் குறைக்கும். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, குறைத்தது குறைத்தபடியே வரும். அளக்கும் கருவி இல்லாதவர்கள் இரவில் அறை விளக்கைப் போட்டு, திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வெண்மையாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். நைட் லைட் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மஞ்சளேறிய திரையில் சரிசெய்த படம் காகிதத்தில் நீலம் பாய்ந்து வரும்.

அடுத்தது சோதனைப் பட்டை. இதை மட்டும் செய்தால்கூடப் போதும் என்பேன். படத்தின் முக்கியமான பகுதியை, முகமும் வெள்ளைத் துணியும் நிழலும் சேர்ந்து வரும்படி வெட்டி, ஒரே 8×12 அங்குலத் தாளில் நான்கு முறை வையுங்கள். முதலாவது அப்படியே, மற்றவை மூன்றில் ஒரு ஸ்டாப், மூன்றில் இரண்டு, ஒரு முழு ஸ்டாப் எனக் கூட்டி (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிக்கும்). ஒவ்வொன்றின் கீழும் அளவை எழுதிவிட்டு அடியுங்கள். அச்சு வந்ததும் ஜன்னலோரம் ஒருமுறை, டியூப்லைட்டின் கீழ் ஒருமுறை பாருங்கள். எந்தப் பட்டை டியூப்லைட்டில் நன்றாக நிற்கிறதோ அதுவே உங்கள் அளவு. பிறகு அதே லேப், அதே காகிதம். நடுவில் மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

லேபுக்குக் கொடுக்கும்போது:
- ஃபைலை எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் கொடுங்கள். அடோப் ஆர்ஜிபி என்ற இன்னொரு அமைப்பின் ஃபைலை அதற்குரிய வசதி இல்லாத லேப் மெஷினில் ஏற்றினால் வயல் பச்சை வாடிப்போகும்.
- 12×18 அங்குல அச்சுக்கு, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600×5400 பிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவின் 4000×6000 தாராளம். கிராப் செய்தால் மிச்சத்தைக் கணக்குப் பாருங்கள்.
- 8×12, 12×18 இரண்டும் 3:2. 10×12 கேட்டால் ஓரம் வெட்டுப்படும்.
- ஆட்டோ கரெக்‌ஷனை நிறுத்தச் சொல்லுங்கள். பாலக்காட்டு லேபில், "சேட்டா, கரெக்‌ஷன் ஒண்ணும் வேண்டா, அதுபோலெத்தன்னெ அடிச்சா மதி" (அப்படியே அடித்தால் போதும்) என்று சொல்லுங்கள்.
- மேட் காகிதம். பளபளப்புத் தாளில் டியூப்லைட் கோடாக விழும். மேட்டில் கறுப்பு சற்று வெளுக்கும் என்பதால் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அச்சைப் பார்த்துப் பழகினால் எடுக்கும் விதமே மாறும். வெளிச்சம் கூடி வெந்துபோன வெள்ளை வேட்டி திரையில் ஒப்பேறிவிடும், காகிதத்தில் அது வெற்றுத் தாள். கேமராவின் மீட்டர் எதையும் நடுச்சாம்பலாகக் கருதும். வேட்டியை ஸ்பாட் மீட்டரில் (ஒரு சிறு புள்ளியை மட்டும் அளப்பது) அளந்தால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டவேண்டும். கறுத்த முகத்தை அளந்தால் ஒரு ஸ்டாப் அளவுக்குக் குறைக்கவேண்டும். ரெண்டும் ஒரே ஃபிரேமில் இருந்தால் வெள்ளையைக் காப்பாற்றி, ரா (RAW) ஃபைலில் நிழலைத் தூக்குங்கள்.

பொருளைத் தேடி மூணாறு போகவேண்டியதில்லை. முதலமடையில் மாங்காய் சீசனில் தரம் பிரிக்கும் ஷெட்டுகளே போதும். கதவுப்பக்கம் மட்டும் வெளிச்சம், உள்ளே கூடைகள், ஓயாத கைகள். முதலில் ஷெட்காரரிடமும் வேலை செய்கிற அக்காமாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, எஃப் 2.8, படத்தில் கைகள் அசையாமல் நிற்க ஷட்டர் 1/125 நொடி அல்லது அதைவிட வேகம். உள்ளே எல்ஈடி எரிந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. அப்போது மட்டும் 1/100 அல்லது 1/50க்கு இறங்குங்கள், கோடு அடங்கும், எலெக்ட்ரானிக் ஷட்டரை அணையுங்கள். முடிந்தால் விளக்கையே அணைக்கச் சொல்வது உத்தமம், பகல் வெளிச்சமும் பல்பும் கலந்த தோல் நிறத்தை எந்தத் திருத்தமும் எளிதில் மீட்காது.

பாலக்காட்டுக் கல்பாத்தி தேர் நவம்பரில் வரும், எல்லோரும் எடுப்பார்கள். தேரை யானை பின்னாலிருந்து முட்டித் தள்ளும் படம் ஏகப்பட்ட போர்ட்ஃபோலியோக்களில் இருக்கும். தேருக்கு முந்தைய நாட்களின் வடமும் கட்டுவேலையும் அக்ரஹாரத் திண்ணைகளும் எனக்கு அதைவிட மேல்.

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்றில் தூசி சாதாரணமல்ல. காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து லென்ஸ் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை எஃப் 16இல் வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தால் சென்சாரில் இருக்கும் புள்ளி தெரியும். 12×18இல் அது கறுப்புப் பொட்டாக வந்து நிற்கும்.

இடவப்பாதி மழையை, அதாவது தென்மேற்குப் பருவமழையை எடுக்க, பின்னணி இருட்டாகவும் வெளிச்சம் எதிர்ப்பக்கமிருந்தும் இருக்கவேண்டும். வெளுத்த வானத்தின்முன் மழை தெரியவே தெரியாது. துளி நிற்க 1/500, கோடாக ஓட 1/60. மலையாள மனோரமாவின் விக்டர் ஜார்ஜ் எடுத்த மழைப்படங்களைத் தேடிப் பாருங்கள், மழையில் மனிதர்களை அப்படிப் பார்த்தவர் குறைவு. 2001 ஜூலையில் இடுக்கியில் மழையைப் படமெடுக்கும்போதே மண்சரிவில் போய்விட்டார். மழைக்காலத்தில் மலைச்சரிவில் தனியாக நிற்காதீர்கள். எந்தப் படத்துக்கும் அந்த விலை வேண்டாம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) "யாரைப் பின்பற்றுகிறீர்கள்" என்பது நிச்சயம். பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி உங்களைக் கவிழ்க்கும், ஒரு படத்தைச் சொல்லுங்கள். லினேயஸ் ட்ரைப்பைப் படிக்கச் சொல்வேன். 1856இல் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை, மெழுகுத்தாள் நெகட்டிவில் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். ஒன்றோடொன்று ஒட்டவேண்டுமானால் அத்தனையும் ஒரே தொனியில் வரவேண்டும். உங்கள் பன்னிரண்டும் அப்படி ஒரே தொனியில் நிற்கின்றனவா என்று பாருங்கள். வரிசைக்கு, நாற்பது படங்களை 4×6இல் மலிவாக அடித்துத் தரையில் பரப்பி, தினமும் ஒன்றிரண்டை எடுத்துவிடுங்கள். ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டில் ஒன்று போகவேண்டும், அது எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்ததாக இருந்தாலும்.

ஸ்டுடியோ செய்முறை:
- ஷட்டர் 1/160. சிங்க் வேகத்தை (ஃபிளாஷோடு ஷட்டர் ஒத்துப்போகும் உச்ச வேகம்) தாண்டினால் ஃபிரேமில் கறுப்புப் பட்டை விழும்.
- கீ (முதன்மை விளக்கு) எஃப் 8, ஃபில் (நிழலை நிரப்பும் விளக்கு) எஃப் 4 என அளந்தால் இரண்டு ஸ்டாப், 4:1. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.
- விளக்கின் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்கு.
- கண்ணாடி அணிந்த மாடல் என்றால் விளக்கை உயர்த்திக் கீழே சாயுங்கள்.

அச்சுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர், வெளியே பிளாஸ்டிக் உறை, உள்ளே சிலிக்கா ஜெல். ஈரக்காற்றில் தாள் சுருளும், ஆகவே ஹாலுக்குச் சீக்கிரமே போய்ப் படுக்கப் போட்டுவையுங்கள். வரிசை எண்ணை ஸ்டிக்கரில் எழுதிவிட்டுப் பின்னால் ஒட்டுங்கள். நேராக அச்சின் முதுகில் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தழும்பாகத் தெரியும்.