தோளுக்கு மேல் தூக்காத மட்டை

ஸ்காட்லாந்தில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு நேராக ரயில் கிடையாது. எடின்பரோவில் ஏறினால் ஃபோர்த் பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் போல ஓடி லூக்கர்ஸ் என்ற சின்ன ஸ்டேஷனில் இறக்கிவிடும், அங்கிருந்து பஸ். இந்தக் கோடையில் அம்மா என்னுடன் தங்க வந்தபோது, கோட்டை, மியூசியம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, ஒரு சனிக்கிழமை அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டார். ஒரு புல்தரையைப் பார்க்க என்றேன். சரி என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டார்.

அந்தப் புல்தரைக்கு ஊரில் வழங்கும் பெயர் 'ஹிமாலயாஸ்'. ஓல்ட் கோர்ஸ் என்ற புகழ்பெற்ற கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்திலேயே, கடலைப் பார்த்த பக்கம் இருக்கிறது. கோல்ஃப் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: பந்தை ஓங்கி வானத்தில் பறக்கவிடுவது ஒரு வேலை, குழிக்குப் பக்கத்தில் வந்ததும் தரையோடு உருட்டி உள்ளே விழவைப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவதுதான் பட்டிங். ஹிமாலயாஸில் அது மட்டும்தான், 18 குழிகள். மற்ற ஊர்களில் பட்டிங் கிரீன், அதாவது பந்து உருட்டும் புல்தரை, என்றால் பாய் விரித்தது போல இருக்கும், இங்கே ஆள் உயரத்துக்குக்கூட மேடுகள், அவற்றுக்கு இடையே கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள், எல்லாம் ஒட்ட வெட்டிய புல். எதற்காக அந்தப் பெயர் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

1867ல் இது பெண்களுக்காகத் தொடங்கியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் லேடீஸ் பட்டிங் கிளப் என்று பெயர், உலகத்திலேயே பழைய பெண்கள் கோல்ஃப் கிளப் இதுதான் என்று சொல்கிறார்கள். இன்றும் அதே கிளப்தான் நடத்துகிறது. தரையை அமைத்துக் கொடுத்தவர் ஓல்ட் டாம் மோரிஸ். அந்த ஊரில் பிறந்து, அந்த ஊர் மைதானத்தைப் பல ஆண்டுகள் பராமரித்து, 1908ல் அங்கேயே இறந்தவர். புல்தரைமீது மணல் தூவினால் புல் நன்றாக வரும் என்பதைக் கண்டுகொண்டு, போகிற இடமெல்லாம் இன்னும் மணல், இன்னும் மணல் என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர். இன்றைக்கும் உலகம் முழுக்க கிரீன்களுக்கு மணல்தான் தூவுகிறார்கள். அதே 1867ல் அவர் ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியில் தன்னுடைய நான்காவது பட்டத்தையும் வென்றார், வயது 46. அந்தப் போட்டியை அதைவிட அதிக வயதில் இதுவரை யாரும் வென்றதில்லை. அப்படிப்பட்ட ஆள் அதே காலத்தில், பெரிய கோர்ஸில் ஆட இடம் கொடுக்கப்படாத பெண்களுக்காக மேடு பள்ளம் பார்த்துக் குழி வெட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஏன் பட்டிங் மட்டும்? பெண் ஒருத்தி மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி வீசுவது அழகல்ல, அடக்கமல்ல என்று அன்றைய கனவான்கள் நினைத்தார்கள். 1890லும்கூட ஒருவர் இதை அச்சிலேயே எழுதினார், அந்த உடையில் முழு வீச்சு பார்க்க நன்றாக இருக்காதாம். கோர்செட்டும் தரையைத் தொடும் பாவாடையும் போட வைத்ததும் அவர்கள், அந்த உடைக்கு வீச்சு பொருந்தாது என்று சொன்னதும் அவர்கள். கிளப் தொடங்குவதற்கு முன்னால் சில பெண்கள், ஆட்டக்காரர்களின் மட்டைகளைச் சுமந்து வரும் 'கேடி' (caddie) என்ற கூலியாட்கள் ஆடிக்கொண்டிருந்த ஒரு சின்ன இடத்தில் போய் ஆடியிருக்கிறார்கள். குடும்பப் பெண்கள் கூலிக்கு மட்டை தூக்குகிறவர்கள் நடுவில் நிற்பதா என்று பேச்சு எழுந்தது. அப்புறம்தான் இந்தத் தனி இடம்.

இதில் வர்க்கமும் இருக்கிறது. எடின்பரோவுக்குப் பக்கத்திலேயே மஸல்பரோ என்று ஒரு ஊர். அங்குள்ள லிங்க்ஸில், அதாவது கடலோரப் புல்வெளி மைதானத்தில், 1672ல் கோல்ஃப் ஆடியதற்குக் குறிப்பு இருக்கிறது, உலகின் பழைய கோர்ஸ் என்று கின்னஸ் அங்கீகரித்தது அதைத்தான். ஒன்பது குழி, நடுவே குதிரைப் பந்தயப் பாதை, இன்றும் ஆட்டம் நடக்கிறது. உலகம் முழுக்க கோல்ஃப் குழியின் அகலம் நாலேகால் அங்குலம் என்றிருப்பதற்கும் அந்த ஊரில் 1829ல் செய்த குழி வெட்டும் கருவிதான் மூலம் என்கிறார்கள். 1891ல் அந்த அளவு விதியாகிவிட்டது. சரி, சொல்ல வந்தது அதுவல்ல. அந்த மஸல்பரோவில், 1811 புத்தாண்டுக்கென்று மீன் விற்கும் பெண்களுக்கு கோல்ஃப் போட்டி அறிவித்தார்கள், பரிசு ஒரு புது மீன்கூடையும் சால்வையும். முதுகில் கூடை சுமந்து தெருத்தெருவாக நடந்த பெண்கள் மட்டையை எவ்வளவு உயரம் தூக்கினார்கள் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, வசதியான வீட்டுப் பெண்களுக்குத்தான் தோள் ஒரு எல்லையாகிவிட்டது.

இதையெல்லாம் பஸ்ஸிலேயே அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "எங்க ஊர்லயும் வயசுக்கு வந்த பிறகு கோலிக்குண்டு கூடாதுன்னுட்டாங்க" என்றார். இத்தனை வருடத்தில் அம்மா கோலி ஆடியவர் என்பதே எனக்குத் தெரியாது.

உறுப்பினர்கள் ஆடும் நேரம் போக மற்ற நேரத்தில் ஹிமாலயாஸ் எல்லோருக்கும் திறந்திருக்கும். பக்கத்தில் ஓல்ட் கோர்ஸில் ஆட நூற்றுக்கணக்கான பவுண்டு கொடுத்து, அதற்கும் குலுக்கலில் பெயர் விழுமா என்று காத்திருக்கிறார்கள். இங்கே சில பவுண்டுகள்தான், டிக்கெட் கூண்டில் கொடுத்தால் பட்டர் என்ற உருட்டும் மட்டை ஒன்றும் பந்தும் தருவார்கள். எங்களுக்கு முன்னால் இரண்டு சின்னப் பையன்கள், பின்னால் மிகவும் வயதான ஒரு தம்பதி. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கடல் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, முதல் பந்தைத் தட்டினார். மேட்டில் பாதி ஏறி, யோசித்து, திரும்பி அவர் காலடிக்கே வந்துவிட்டது.

இந்த ஆட்டத்தின் ரகசியம் அதுதான், குழியைப் பார்த்து அடித்தால் பந்து போகாது. சரிவு எந்தப் பக்கம் இழுக்கும் என்று கண்டுபிடித்து, குழிக்கு ஏழெட்டு அடி தள்ளி வேறு எங்கோ அடிக்க வேண்டும். நான் குனிந்து, உட்கார்ந்து, வீடியோக்களில் பார்த்தது போல ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அம்மா மூன்றாவது குழியில் என்னை நிறுத்தினார். "தண்ணி விட்டா எந்தப் பக்கம் ஓடும்னு பாரு பாப்பா. வரப்பு மேல நிக்கிறப்ப பார்க்க மாட்டமா, அப்படி." நாற்பது வருடம் வயலுக்கு மடை திறந்துவிட்ட கண் அது. அவர் காட்டிய இடத்தில் தட்டினேன், பந்து வலது பக்கம் போய், மேட்டின் தோளில் நின்று, மெதுவாக இடது பக்கம் வழிந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

ஒன்பதாவது குழியருகே அந்த வயதான அம்மணி எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். கிளப் உறுப்பினராம், பேரனுக்குப் பட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் இங்கேதானாம். நான் கை காட்டி, அதோ அந்தக் கல் கட்டடம்தானே ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் என்று கேட்டேன். ஆமாம் என்றார். 1754ல் தொடங்கிய அந்த கோல்ஃப் கிளப், பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று வாக்களித்தது 2014 செப்டம்பரில். ஓல்ட் கோர்ஸில் பெண் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு முதல் பெரிய போட்டி நடந்தது 2007ல், மெக்சிகோவின் லொரீனா ஒச்சோவா வென்றார். ஹிமாலயாஸிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு நடந்தால் சில நிமிடம். பெண்கள் அதைக் கடக்க 147 வருடம் ஆகியிருக்கிறது.

அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வந்தது, அந்த அம்மணி கோபப்படவில்லை. இது எங்கள் இடம், நாங்கள் எப்போதும் இங்கேதான் இருந்தோம் என்று மட்டும் சொன்னார். அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

பதினெட்டாவது குழியை அம்மா இரண்டே தட்டில் முடித்தார், எனக்கு ஐந்து. பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கூண்டில் பட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அம்மா தன்னுடையதைக் கொடுக்கவில்லை, இன்னொரு ஆட்டத்துக்கு எவ்வளவு என்று கேட்கச் சொன்னார்.