ஈறு நோய்க்கு நாற்காலியிலேயே ஒரு சோதனை

பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் கசிந்தால், எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கத்தில் பலரும் அதை உடல் சூடு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உப்புநீர், கிராம்புத் தைலம் என்று மாதங்கள் ஓடிவிடும். மருத்துவரிடம் போகலாம் என்றாலோ, "கிளீன் பண்ணா பல்லு ஆடிடும்மா" என்று என் மாமியார் போன்ற வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். நான் நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுபவள். ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரை எளிதில் கட்டுப்படாது, சர்க்கரை ஏறியிருந்தால் ஈறு மேலும் கெடும் என்பதை விளக்கி, எனக்குச் சர்க்கரை பார்க்கும் மருத்துவரே ராயபுரத்தில் உள்ள ஈறு நோய் மருத்துவர் ஒருவரிடம் என்னை அனுப்பினார்.

அவர் முதலில் மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய புரோப் ஒன்றை ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் ஆறு இடங்களில் ஈறுக்குள் இறக்கி, அளவை உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று வரை கவலையில்லை. எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பற்களில் ஐந்தும் ஆறும் வந்தன. எக்ஸ்-ரேயில் அந்தப் பற்களைத் தாங்கும் எலும்பு இறங்கியிருந்தது. "இவ்வளவும் இதுவரை நடந்த சேதம்மா. இப்போதும் அரித்துக்கொண்டிருக்கிறதா என்பதை இந்த அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது" என்றவர், தாம் வரவழைத்து வைத்திருந்த சோதனைப் பெட்டியை எடுத்தார்.

முதலில் சாதாரணத் தண்ணீரால் அரை நிமிடம் வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார். ஒரு நிமிடம் பொறுத்து, 5 மில்லிலிட்டர் சுத்திகரித்த நீரை மறுபடியும் அரை நிமிடம் வாயில் சுழற்றி, சிறிய கோப்பையில் உமிழ்ந்து கொடுத்தேன். அதை வடிகட்டி பொருத்திய ஊசிக்குழாயில் உறிஞ்சி, அட்டையின் குழியில் சில சொட்டுகள் விட்டார். கொரோனா காலத்தில் வீட்டில் பார்த்த சோதனை அட்டையைப் போலவேதான் இதுவும் இருந்தது. முதல் கோடு சோதனை சரியாக நடந்தது என்பதற்கானது; சற்று நேரத்தில் அதன் அருகே இரண்டாவது கோடும் எழுந்தது.

கிருமியைத் தேடும் சோதனை அல்ல இது. கிருமிகளை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் எம்எம்பி-8 என்ற நொதியை வெளியிடுகின்றன. அது செயல்நிலைக்கு வந்து மிகும்போது, பல்லை எலும்போடு பிணைக்கும் கொலாஜன் நார்களையே அறுக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் டிமோ சோர்சா குழுவினர் நெடுங்காலம் ஆராய்ந்த நொதி இது. கொப்பளித்த நீரில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் அளவை அது எட்டினால் இரண்டாவது கோடு தெரியும். எலும்பு கரைந்து எக்ஸ்-ரேயில் தெரிவதற்கு முன்பே இது எச்சரிக்கக்கூடும் என்பதே என் பார்வையில் இதன் பெரிய பயன். ஆனால் எந்தப் பல்லில் கோளாறு என்பதை அட்டை சொல்லாது. அதற்கு அந்தப் புரோப்தான் வேண்டும். அட்டையை மட்டும் காட்டி ஒருவர் சிகிச்சையைத் தொடங்கினால் அதை நான் ஏற்கமாட்டேன்.

ஈறு நோய்களுக்கு 2018இல் வெளியான புதிய வகைப்பாட்டின்படி நோயின் நிலையோடு அது முன்னேறும் வேகத்தையும் தரம் பிரிக்கிறார்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள நீரிழிவுக்காரர்கள் வேகமான தரத்தில் வருவார்கள். நானும் அதில்தான் இருந்தேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர்வரை படிந்து கல்போல் இறுகியிருந்த பற்காரையைச் சில அமர்வுகளில் சுரண்டி எடுத்தார். மாமியார் சொன்னதுபோல் ஒரு பல் லேசாக ஆடியது உண்மைதான். எலும்பு முன்பே கரைந்திருந்தது என்றும், பற்களை ஒட்டி நிறுத்தியிருந்த காரை போனதால் அந்த ஆட்டம் இப்போது தெரிகிறது என்றும் மருத்துவர் எக்ஸ்-ரேயைக் காட்டி அவரிடமே விளக்கினார். அதன்பின் மாமியாரும் தம் பற்களைக் காட்டச் சம்மதித்தார்.

ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துச் செய்த சோதனையில் ஒரு கோடு மட்டுமே வந்தது. இரத்தக் கசிவும் பெருமளவு நின்றிருந்தது. ஆனாலும் இரண்டு இடங்களில் ஆழம் இன்னும் ஐந்தாகவே இருக்கிறது. அங்கே ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டுமா என்பதை அடுத்த அளவீட்டையும் சர்க்கரை அளவையும் பார்த்தபின் முடிவு செய்வதாக மருத்துவர் கூறியிருக்கிறார்.