பயாஸ் அப்டேட் செய்யாமல் பழைய பிராசஸரைக் கழற்றாதீர்கள்

சனிக்கிழமை இரவு பதினொன்றரை. ஃபேன்கள் எல்லாம் சுற்றுகின்றன, மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்". பத்தாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து அன்று மத்தியானம்தான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ரைசன் 5 5600 பிராசஸர் உள்ளே இருக்கிறது. பழைய பிராசஸரைக் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். திரும்பிப் போக வழி இல்லை. அந்த இரவும் அடுத்த இரண்டு நாளும் பட்ட பாட்டை இதே வேலையில் இறங்கப்போகும் வேறு யாரும் படக்கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2019-இல் வாங்கிய சிஸ்டம். பி450 மதர்போர்டு, ரைசன் 3 3200ஜி பிராசஸர், 8 ஜிபி ரேம் ஒற்றை ஸ்டிக், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. 2024-இல் முதலில் வாங்கியது பழைய ஆர்எக்ஸ் 6600 கார்டு, 14,500 ரூபாய். வேளச்சேரியில் ஒரு கல்லூரி மாணவர் விற்றார். அவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

தடங்கல் பவர் சப்ளையில் தொடங்கியது. என் கேபினட்டோடு வந்த மலிவு சப்ளையில் கார்டுக்கான எட்டு பின் கேபிளே இல்லை. மோலெக்ஸிலிருந்து (சப்ளையின் பழைய நான்கு பின் இணைப்பு) எட்டு பின்னுக்கு மாற்றும் ஒயர் நூறு ரூபாய்தான் என்று பக்கத்துக் கடையில் நீட்டினார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஆர்எக்ஸ் 6600 முழுவேகத்தில் 132 வாட் வரை இழுக்கும். போர்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட்தான் வரலாம், மீதி அந்த ஒயர் வழியாகத்தான் போகவேண்டும். தரம் தெரியாத சப்ளையில் மெல்லிய ஒயரை மாட்டினால் சூடாகி உருகும் ஆபத்து உண்டு. நான் 550 வாட் ப்ரான்ஸ் (வெண்கலத் தரச்சான்று பெற்ற) சப்ளை வாங்கினேன், 4,200 ரூபாய். இதில் மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கார்டு போட்டும் கேம் விட்டுவிட்டு ஓடியது. திரையின் ஓரத்தில் எண்களை ஓடவிட்டுப் பார்த்தால் பிராசஸர் 100 சதவீதம், கார்டு 50-ஐத் தாண்டவில்லை. 3200ஜி-க்கு நான்கு கோர், நான்கே த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைதான் பார்க்கும். அதனால் கார்டுக்கு வேலை கொடுத்து முடியவில்லை. நான் செய்திருக்க வேண்டியது இந்த எண்களை முதலிலேயே பார்ப்பது. கார்டு 95-க்கு மேல் நின்றால் கார்டுதான் தடை. கார்டு சும்மா இருந்து பிராசஸர் திணறினால், எவ்வளவு விலை உயர்ந்த கார்டு போட்டாலும் பெரிய மாற்றம் வராது.

ஆகவே இரண்டு வாரம் கழித்து 5600, கூடவே 3200 வேகத்தில் இரண்டு 8 ஜிபி ரேம். கடைக்காரரிடம் என் போர்டின் பெயரை மாடல் எண்ணோடு சொல்லித்தான் கேட்டேன். "ஏஎம்4 போர்டுதானே தம்பி, கண்ணை மூடிட்டுப் போடலாம்" என்றார். ஏஎம்4 என்பது பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர். சாக்கெட் ஒன்றுதான், அது உண்மை. ஆனால் போர்டிலேயே பதிந்திருக்கும், சிஸ்டத்தை எழுப்பிவிடும் மென்பொருள்தான் பயாஸ்; 2019-ஆம் ஆண்டு பயாஸுக்கு 2020 கடைசியில் வரத்தொடங்கிய ரைசன் 5000 வரிசையை அடையாளமே தெரியாது. பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்திருக்க வேண்டும். இந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. நாள் முழுக்க இதையே விற்பவர் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஞாயிறு முழுவதும் வீண். ரேமைக் கழற்றி மாட்டினேன், காயின் பேட்டரியை எடுத்துப் போட்டேன், எச்டிஎம்ஐ கேபிள் மாற்றினேன். பெரிய பயம் சாக்கெட் பற்றித்தான். சனிக்கிழமை காலை கூலரைத் தூக்கியபோது, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் இறுகி, பூட்டியிருந்த பிராசஸரும் அதோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்துவிட்டது. பின் எதுவும் வளையவில்லை, ஆனால் சாக்கெட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்குங்கள். அப்புறம் ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். நேராக மேலே இழுக்கவே கூடாது.

மாலையில் வேறு வழி தெரியாமல் கார்டு விற்ற அந்த மாணவருக்கே போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணா, பயாஸ் அப்டேட் பண்ணீங்களா?" என்றார். அவ்வளவுதான். சில போர்டுகளில் பிராசஸரே இல்லாமல் பென் டிரைவ் வைத்துப் புதுப்பிக்கப் பின்பக்கம் தனிப் பொத்தான் இருக்கும் என்றும் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தேன், என்னுடையதில் இல்லை.

திங்கட்கிழமை அரைநாள் லீவு. போர்டை அதன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து கிண்டி வரை எலக்ட்ரிக் டிரெயின், அங்கிருந்து மெட்ரோவில் கவர்ன்மென்ட் எஸ்டேட். அதே கடையில் போய் நின்றால், என் 3200ஜி அதற்குள் விற்றுப்போயிருந்தது. "பயாஸ் வேலை நாங்க பாக்கறதில்ல, திறந்த பிராசஸர் ரிட்டர்னும் கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

நரசிங்கபுரம் தெருப் பக்கம் விசாரித்துக்கொண்டே போனதில், மாடியில் ஒரு சர்வீஸ் கடை. அங்கே இருந்த பெரியவர் போர்டைப் பார்த்ததுமே டிராயரைத் திறந்து ஒரு பழைய ரைசனை எடுத்தார். இதற்கென்றே வைத்திருக்கிறாராம். என் போர்டுக்கு நேரடியாகக் கடைசி பதிப்புக்குத் தாவக் கூடாது, நடுவில் ஒரு பதிப்பு ஏற்றிவிட்டுத்தான் போகவேண்டும் என்று போர்டு கம்பெனியின் குறிப்பையே திரையில் காட்டினார். பென் டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து, யுபிஎஸ்ஸில் மாட்டி, இரண்டு முறை ஏற்றினார். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும், வீட்டில் செய்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. நானூறு ரூபாய் கேட்டார். ஆயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

இரவு மாட்டி ஆன் செய்ததும் திரையில் எழுத்து வந்தது. புதிய பிராசஸர் வந்திருக்கிறது, எஃப்டிபிஎம்-ஐ (பிராசஸரில் பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) ரீசெட் செய்யவா என்று கேட்டது. இங்கே ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் பிட்லாக்கர் இல்லாததால் "ஒய்" அழுத்தினேன், விண்டோஸ் திறந்துவிட்டது. டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகம் 2400 என்றுதான் இருந்தது. பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்த பிறகே 3200 வந்தது. காசு கொடுத்து வாங்கிய வேகம், அதைப் போய்ப் பாருங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால் ஸ்டிக்குகளைப் பொதுவாக இரண்டாவதிலும் நான்காவதிலும் போடவேண்டும், மேனுவலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சேர்த்து, எக்ஸ்சேஞ்சில் கிடைத்த 2,500 போக, 31,000 ரூபாய். பிராசஸருக்கும் ரேமுக்கும் சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்கி வைத்திருக்கிறேன். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றார்கள், மறுத்துவிட்டேன்.

இப்போது கார்டு 97, 98 சதவீதத்தில் ஓடுகிறது. முன்பு நகரத்துக்குள் வண்டி நுழைந்தாலே நின்று நின்று போன அதே கேம், என் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 75 ஃபிரேமை விட்டு இறங்கவில்லை. தம்பி வந்து நாற்காலியைப் பிடித்தவன், ராத்திரி ஒரு மணி வரை எழுந்திருக்கவில்லை. காலையில் அந்த மாணவருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன்.