இந்த முறை ஒரு கத்தரி நாற்றுகூட வெளுக்கவில்லை

பதினெட்டு மிளகாய், பன்னிரண்டு கத்தரி. வீட்டுக்குள் முளைத்த முப்பது நாற்றும் வெளி வெயிலுக்குப் பழகிவிட்டன. ஹீட் மேட்டில் (தட்டுக்கு அடியில் விரிக்கும் மின்சூட்டு விரிப்பு) முளைக்க வைப்பது எல்லோரும் செய்வதுதான். ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும்: தெர்மோஸ்டாட்டின் உணரியை மேட்டின் மேல் வைக்காதீர்கள், தட்டின் மண்ணுக்குள் செருகுங்கள். மேட் 28 டிகிரி காட்டும்போது மண் சில டிகிரி குறைவாகத்தான் இருக்கும். மிளகாய் வாரக்கணக்கில் முளைக்காமல் இழுப்பதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

போன வருடம் பாதி நாற்றின் இலைகள் வெள்ளைக் காகிதமாகிவிட்டன. பழியைக் குளிர்மேல் போட்டது தப்பு, சுட்டது வெயில். எல்.ஈ.டி விளக்கடியில் வளர்ந்த இலை புற ஊதாக் கதிரையே பார்த்ததில்லை. காற்று சில்லென்று இருப்பதால் வெயிலின் கடுமை நமக்கு உறைப்பதில்லை.

இம்முறை மேகமூட்டமான நாளாகப் பார்த்துத் தொடங்கியாயிற்று. முதல் இரண்டு நாள் சுவரோர நிழலில் ஒரு மணி நேரம், காற்று படாமல். அடுத்த இரண்டு நாள் அதே நிழலில் மூன்று மணி நேரம், லேசாகக் காற்று பட. ஐந்தாம் நாள்தான் இளங்காலை வெயில், அதுவும் அரை மணி நேரம். பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி, பத்தாம் நாளுக்குமேல் முழுப்பகல். இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்றால் தட்டு வீட்டுக்குள். இப்படிப் பழக்கும் நாட்களில் தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் கூடாது, கொழுத்த இலைதான் முதலில் கருகும். சின்னத் தொட்டி காற்றில் சீக்கிரம் காய்வதால் மதியம் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது அவசியம்.

அவரை விதை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கொடி ரகங்கள் பலவும் பகல் குறுகினால்தான் பூக்கும். கோடையில் பகல் நீண்டு கிடக்கும் ஊர்களில் பந்தல் நிறையக் கொடி ஓடி, பூ வரும்போது உறைபனியும் வந்துவிடும். பகல் நீளத்தைப் பாராமல் பூக்கும் குத்து ரகமா என்று கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் அதைத்தான் வளைவுக் கம்பிமேல் துணி போர்த்திய பாத்தியில் முயல வேண்டும்.

நாற்று தயார், மேட்டுப்பாத்தி தயாரில்லை. காலையில் 10 செ.மீ. ஆழத்தில் இன்னும் 13 டிகிரிதான். கறுப்பு பிளாஸ்டிக் விரித்தாயிற்று. 16 தாண்டாமல் கத்தரி இறங்காது. குளிர்ந்த மண்ணில் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாமல் இலையின் அடிப்புறம் ஊதாவாகும். அதற்கு டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரம் போட்டுப் பயனில்லை, மண் சூடானால் தானே சரியாகும்.