பினாங்கில் மக்கு காயும் நேரம்

தஞ்சாவூரில் மே மாத வெயிலில் காலையில் ஓவியப் பலகையில் மக்கு வைத்தால் மறுநாள் அதன் மேல் தங்கரேக்கு என்ற மெல்லிய தங்கத் தாளை ஒட்டிவிடலாம். பினாங்கில் அதே வேலைக்கு மூன்று நாள் வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் ஐந்து நாள்கூட ஆகும். இந்த ஊரில் என் தொழில் ஒரு நிலைக்கு வந்ததைச் சொல்வதென்றால் மக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுண்ணாம்புக்கல் பொடியையும் கோந்தையும் குழைத்த கலவைதான் மக்கு. தஞ்சாவூர் ஓவியத்தில் கிரீடமும் ஆரமும் மண்டபத் தூணும் பலகையிலிருந்து மேடாக எழும்பி நிற்பது அதனால்தான். அதன் மேல்தான் ஜெய்ப்பூர் கல்லும் 22 காரட் ரேக்கும்.

கணவர் இந்த ஊர்க்காரர். கொரோனாவால் மூடிய எல்லையை 2022 ஏப்ரலில் மலேசியா திறந்த பிறகு பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கு வந்து சேர்ந்தேன். "பசியாறிட்டியாம்மா?" என்று அத்தை தினமும் கேட்பது காலைச் சாப்பாட்டைத்தான் என்று புரியவே ஒரு வாரம் ஆனது. ரிங்கிட்டை வெள்ளி என்பதும் அப்படித்தான் பழகியது. மலேசியரை மணந்து வந்தவர்கள் இங்கே சம்பாதிக்க விசாவில் தனி அனுமதி வாங்க வேண்டும். அது கிடைக்கும்வரை ஒரு படமும் விற்கவில்லை. குடியுரிமையோ நிரந்தர வசிப்போ இல்லாதவர் தனிநபர் வியாபாரம் பதிய முடியாது என்பதால் பதிவு கணவர் பெயரில் இருக்கிறது. ஆண்டுக்கு 60 வெள்ளி. புதிதாக வருகிற கலைஞர்கள் இந்த இரண்டையும் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

முதல் ஆர்டர் தீபாவளிக்கு. பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் 12க்கு 15 அங்குலத்தில் வெண்ணெய்க் கிருஷ்ணன் கேட்டார். செப்டம்பரும் அக்டோபரும்தான் பினாங்கில் மழை அதிகம் என்பது எனக்கு அப்போது தெரியாது. மேலே தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ரேக்கை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவர் படத்தைத் திருப்பி எடுத்து வந்தார். கிரீடத்தில் தங்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. பலகையின் பின்பக்கம் சாம்பல் பூத்தது போலப் பூஞ்சை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. காசு வாங்காமல் புதிதாக ஒன்று செய்து கொடுத்தேன்.

எங்கள் தெருவில் கடைப் பெயர்ப்பலகை செதுக்கித் தங்கம் ஒட்டும் ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். மாதிரிப் பலகையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். விரல் நுனியால் தொடவில்லை அவர். விரலை மடக்கி, கணுவின் முதுகை மக்கின் மேல் வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தார். "பெலும் கெரிங்" என்றார் மலாயில். இன்னும் காயவில்லை. என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். மேலே வறண்டிருந்த இடம் லேசாகக் குளிர்ந்தது. குளிர்ச்சி இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இருபது வருஷமாக நான் தொட்டுப் பார்த்ததெல்லாம் வெயில் ஊர் மக்கு! சரபோஜி மன்னர் காலத்திலேயே சீனர்களின் கண்ணாடி ஓவிய முறை தஞ்சையில் பரவியது. அவர்களிடம் நாங்கள் தொழில் கற்பது புதிதில்லை என்று நினைத்தபோது மனது நிறைந்தது.

கை பழகியது. காசுதான் நிற்கவில்லை. 2023இல் ஒரு நோட்டு வாங்கி, எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுத ஆரம்பித்தேன். துணி ஒட்டியது, கோடு போட்டது, மக்கு, கல், ரேக்கு, வண்ணம். ஒரு படத்துக்கு 52 மணி நேரம் வந்தது. நான் வாங்கியது 400 வெள்ளி. பொருள் செலவு 180 போக மிச்சம் 220. மணிக்கு 4 வெள்ளி 23 காசு! அந்த வருஷம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,500 வெள்ளி, மணிக்கு 7 வெள்ளி 21 காசு. அன்று இரவு நோட்டை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஆர்டரில் விலையைச் சொன்னபோது குரல் நடுங்கியது. "நம்ம பொண்ணுதானே, பார்த்துப் போட்டுக் குடும்மா" என்றார் வந்தவர். நோட்டைத் திறந்து மணிக்கணக்கைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். பிறகு பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் அப்படி இல்லை, போனவர்களும் உண்டு. ஆனால் கணக்கைப் பார்த்தவர்கள் பேரம் பேசுவது குறைந்துவிட்டது.

இப்போது வருஷத்துக்கு எட்டு ஆர்டர்தான். தீபாவளிப் படங்களை ஆகஸ்ட் நடுவோடு நிறுத்திவிடுகிறேன். அதற்குப் பிறகு வருபவர்களைப் பொங்கலுக்கு வரச் சொல்கிறேன். வாடகையும் பொருள் செலவும் சனிக்கிழமை வகுப்பிலிருந்து வருகின்றன. ஆறு பேர் வருகிறார்கள், அதில் இருவர் சீனப் பெண்கள். பழைய பஸ் டிப்போவில் நடக்கும் ஹின் பஸ் டிப்போ ஞாயிறு சந்தையில் சிறிய யானை, மயில் பலகைகள் போகின்றன. பெரிய படம் விற்றால்தான் கலைஞர் என்ற எண்ணத்தில் முதல் வருஷம் இந்தச் சின்னப் பலகைகளை நான் மதிக்கவே இல்லை. அவைதான் மழைக்கால மாதங்களில் எங்கள் வீட்டு அரிசி.

இந்தச் சம்பாத்தியம் இருப்பதால் வருஷத்துக்கு ஒரு படம் யாரும் கேட்காமல் எனக்காகச் செய்ய முடிகிறது. இந்த முறை தைப்பூசம். வெள்ளி ரதம் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போகிற வழியில் சாலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் தேங்காய்கள். தஞ்சாவூர்ப் பாணியில் அப்படி ஒரு சாலையை நான் பார்த்ததில்லை. ஓடுகளை மக்கில் எழுப்பியிருக்கிறேன். ரதத்துக்கு மட்டும் தங்கத்துக்குப் பதில் வெள்ளி ரேக்கு. நோட்டில் 61 மணி ஆகியிருக்கிறது. நேற்று இரவு விரல் கணுவை வைத்துப் பார்த்தேன். இன்னும் குளிர்கிறது.