உறைபனியில் வியர்க்கும் பிள்ளை

டிசம்பர் கடைசியில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் ஒரு பிள்ளை மட்டும் கம்பளியை உதைத்துத் தள்ளிவிட்டு முதுகு நனைய வியர்த்துத் தூங்கினால், 'சூட்டு உடம்பு' என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளை தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாத்திரையின் அளவைத்தான்.

அந்த மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்ஸின், தைராய்டு சுரப்பி தானே சுரக்கும் டி4 ஹார்மோன்தான். ஆலையில் செய்தது, அவ்வளவே. அளவு சரியாக இருந்தால் பக்கவிளைவு பெரிதாக இருக்காது. கூடினால்தான் தொல்லை: படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, அடிக்கடி வயிற்றுப்போக்கு, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது. 'வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார மாட்டேங்கிறான்' என்று டீச்சர் சொல்வதும் இதனால் இருக்கலாம். பல மாதம் அப்படியே ஓடினால் எலும்பு வயதுக்கு முந்தி முதிரும். கைக்குழந்தைக்கு மண்டையோட்டு இணைப்புகள் சீக்கிரமே மூடிக்கொள்ளக்கூடும்.

மலையில் நாடித்துடிப்பைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டு மேடு ஏறி வந்த யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் காலையில் படுக்கையை விட்டு எழுமுன், முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பத்து வயதுக்கு மேல் 60 முதல் 100 வரை இயல்பு. காய்ச்சல் இல்லாமலே நாள்தோறும் நூறைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

முதல் சில மாதங்களில் முடி கொட்டலாம். பெரும்பாலும் தானே நின்றுவிடும். எண்ணெயை மாற்றி மாற்றித் தேய்த்துப் பயனில்லை. அரிதான இரண்டை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒன்று, மாத்திரை தொடங்கிய பிறகு விடாத தலைவலி, வாந்தி, இரட்டையாகத் தெரியும் பார்வை: மூளையைச் சுற்றி அழுத்தம் கூடியிருக்கலாம். இன்னொன்று, வேகமாக வளரும் பிள்ளைக்கு இடுப்பிலோ முழங்காலிலோ வலி, நொண்டல். இடுப்பில் சேரும் தொடை எலும்பின் வளர்முனை நழுவினாலும் வலி முழங்காலில் தெரியும். மேடு ஏறி இறங்கியதில் சுளுக்கு என்று தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

அளவு எப்படிக் கூடிப்போகிறது? பிறவியிலேயே தைராய்டு குறைபாடுள்ள கைக்குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் தேவை. பத்து வயதுக்கு மேல் 2 முதல் 4 போதும். எடை ஏறும், கிலோ கணக்கு இறங்கும். எனவே பழைய சீட்டை வைத்து நாமே கணக்குப் போடக் கூடாது. மெடிக்கலில் 12.5 கேட்டு 125 வாங்கி வந்தால் பத்து மடங்கு! புள்ளியைப் பார்த்து வாங்குங்கள். கம்பெனி மாறினாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும்) பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு வழி, நம் ஊர் டீ. எழுந்ததும் சூடாக ஒரு டம்ளர் இல்லாமல் இங்கே பொழுது விடியாது. டீயோடு மாத்திரை போட்டால் சரியாக உறிஞ்சப்படாது, டி.எஸ்.ஹெச். ஏறும், டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு லீவில் பாட்டி வீட்டில் ஒழுங்காக வெறும் தண்ணீரோடு போட, அதே அளவு அதிகமாகிவிடும். மாத்திரைக்குப் பின் டீக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேரம். பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தரும் இரும்பு மாத்திரையால் இடைஞ்சல் இல்லை.

கைக்குழந்தைக்குப் பொடித்து ஓரிரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கலந்து உடனே கொடுங்கள், கலந்து வைக்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

பக்கவிளைவு பயத்தில் மாத்திரையை நிறுத்துவது இதையெல்லாம் விட மோசம். மூன்று வயதுக்குள் மூளை வளர்ச்சியே இந்த ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. தைராய்டு சரியாக இருக்கும் பெண்பிள்ளைகள் இளைப்பதற்காக அக்காவின் டப்பாவிலிருந்து எடுத்துப் போடுவதும் நடக்கிறது. இதயத்துக்கு நேரடி ஆபத்து.

சின்னப் பிள்ளை எதுவாவது டப்பாவைத் திறந்து அள்ளி விழுங்கிவிட்டால், அன்றைக்கு ஓடியாடுகிறதே என்று ஏமாறாதீர்கள். காய்ச்சலும் படபடப்பும் சில நாள் கழித்தும் வரும். உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எத்தனை குறைகிறது என்று எண்ணிப் பார்க்க டப்பாவும் கூடவே போகட்டும்.